எண்ணெயிலிருந்து இயற்கை வாயுவுக்கு: வீட்டுக் கொதிகலன் மாற்றம்

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது உணவுக்கும் உடைக்கும் நிகரான தேவையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில் பல வீடுகளின் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கும். அதில் சூடேற்றப்பெறும் நீர் குழாய்கள் வழியே அறைகளுக்குச் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். இக்கொதிகலன்களில் நெடுங்காலமாக எண்ணெய் எரிக்கப்பட்டு வருகிறது. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியதும், 2008ஆம் ஆண்டுக்குப் பின் பென்சில்வேனியாவின் ஷேல் பாறைகளிலிருந்து இயற்கை வாயு ஏராளமாகக் கிடைத்ததும் பல குடும்பங்களை வாயுவின் பக்கம் திருப்பின. இம்மாற்றம் எளிதானதாகத் தோன்றினும், அதில் கவனக்குறைவு உயிருக்கே கேடாக முடியலாம்.

எரியும் முறை

எண்ணெய் திரவமாக இருக்கும்வரை நன்கு எரியாது. ஆகவே அதனைப் பம்பின் உதவியால் சிறு துளை வழியே பீச்சி, பனிப்புகை போன்ற நுண்துளிகளாக்கி, விசிறி தரும் காற்றுடன் கலந்து, மின்பொறியால் பற்றவைக்கின்றனர். இயற்கை வாயுவுக்கு இந்த முயற்சி வேண்டுவதில்லை. அது காற்றுடன் தானே எளிதில் கலக்கும். 1 லிட்டர் எண்ணெயும் 1 கன மீட்டர் இயற்கை வாயுவும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத் தருகின்றன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மாற்றத்திற்கு இரு வழிகள் உண்டு. கொதிகலன் நல்ல நிலையில் இருந்து, அதன் தயாரிப்பாளரும் அனுமதித்தால், எரிகருவியை மட்டும் மாற்றலாம். இதற்குச் செலவு குறைவு. பழுதடைந்த கொதிகலனாயின் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். புகையில் உள்ள நீராவியைக் குளிரச் செய்து, அதன் உள்ளுறை வெப்பத்தையும் பயன்படுத்தும் புதிய கொதிகலன்கள், எரிபொருளின் வெப்பத்தில் 100க்கு 90 பங்கிற்கு மேல் நீருக்குக் கொடுக்கவல்லவை.

புகைபோக்கியில் மறைந்துள்ள ஆபத்து

இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். 1 பங்கு மீத்தேன் 2 பங்கு பிராணவாயுவுடன் சேர்ந்து எரிந்தால் 1 பங்கு கரியமில வாயுவும் 2 பங்கு நீராவியும் உண்டாகும். 1 கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீர் தோன்றும். 1 லிட்டர் எண்ணெயிலிருந்து தோன்றும் நீரோ ஏறத்தாழ 1 கிலோகிராம்தான். எனவே வாயுவின் புகையில் ஈரம் மிகுதி.

பல ஆண்டுகள் எண்ணெய் எரித்த செங்கல் புகைபோக்கியின் உட்புறத்தில் கரியும் கந்தகச் சேர்மங்களும் படிந்திருக்கும். அகன்ற புகைபோக்கியில் ஈரப்புகை மெல்ல ஏறும்போது குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. அந்நீர் பழைய படிவுகளுடன் சேர்ந்து அமிலமாகி, செங்கல்லின் இணைப்புக் காரையை அரிக்கும். உதிர்ந்த காரையும் கரியும் கீழே விழுந்து வழியை அடைத்தால், புகை வீட்டினுள்ளேயே திரும்பும். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லக்கூடியது. ஆகவே புகைபோக்கியைத் துப்புரவு செய்து, தகுந்த அளவுள்ள உலோகக் குழாயை அதனுள் இறக்குவது இன்றியமையாதது. பணி முடிந்ததும் புகையைச் சோதிப்பதும், அந்த நச்சு வாயுவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியை வீட்டில் பொருத்துவதும் கடமையாகும்.

கைவிடப்பட்ட குழாய்

பழைய எண்ணெய்த் தொட்டியையும் மறக்கலாகாது. நிலவறைத் தொட்டிகள் பெரும்பாலும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். அவற்றை நிரப்புவதற்கான குழாயின் வாய் வீட்டிற்கு வெளியே சுவரில் இருக்கும். தொட்டியை அகற்றியவர்கள் இக்குழாயை மட்டும் விட்டுவிட்டதால் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. முகவரி தவறி வந்த எண்ணெய் வண்டிக்காரர் குழாயைக் கண்டு எண்ணெயைச் செலுத்த, அது முழுவதும் நிலவறைத் தரையில் கொட்டியது. எனவே தொட்டியுடன் குழாயையும் அடியோடு அகற்றிச் சுவரை அடைத்துவிட வேண்டும்.

நன்மையும் எல்லையும்

ஒரே அளவு வெப்பத்திற்கு, இயற்கை வாயு எண்ணெயைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவான கரியமில வாயுவை வெளியிடுகிறது. கரியும் கந்தகப் புகையும் மிகக் குறைவு. எனினும் எரியாமல் கசியும் மீத்தேன் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. குழாய்களில் கசிவு மிகுந்தால் மாற்றத்தின் பயன் குறைந்துவிடும்.

நம் நாட்டுச் சமையலறையில்

நம் நாட்டில் இதே தத்துவம் அடுப்பில் பயன்படுகிறது. சிலிண்டரில் வரும் சமையல் வாயு, கன அளவுக்குக் கன அளவு, இயற்கை வாயுவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் தருவது. ஆதலால் குழாய் வாயு இணைப்புப் பெறும்போது அடுப்பின் ஜெட்டுகளை மாற்றிப் பெரிய துளையுள்ளவற்றைப் பொருத்துகின்றனர். அந்த ஜெட்டுகளுடனேயே மீண்டும் சிலிண்டரை இணைத்தால் சுடர் பெரிதாகி, மஞ்சள் நிறமடைந்து, கரி கக்கும். மேலும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே செல்லும். சிலிண்டர் வாயுவோ கனமானது, தரையில் தங்கும். முன்னதற்கு உயரத்திலும் பின்னதற்குத் தரையருகிலும் காற்றோட்டம் வேண்டும். எரிபொருளை மாற்றுவோர், அது செல்லும் வழி, எரியும் இடம், புகை வெளியேறும் பாதை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதை மாணவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் எடுத்துரைத்தல் நலம்.