அந்தத் தையல்சிட்டு எது?

பினாங்கு தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில், இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டைப் பார்த்திருப்பீர்கள். அது சாதாரணத் தையல்சிட்டா, கருங்கழுத்துத் தையல்சிட்டா?

பெயரை நம்பிக் கழுத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாதாரணச் சிட்டு உரக்கக் கத்தும்போது தொண்டை விரியும். இறகுகளுக்கு அடியிலுள்ள கருமை கழுத்தின் இருபுறமும் தெரியும். கருங்கழுத்து இனத்துப் பெண்ணுக்கோ அந்தக் கருமை ஏறக்குறைய இல்லை. (பெயர் வைத்தவர்கள் ஆணை மட்டுமே பார்த்தார்கள் போலும்!)

இவை வாலைத் தூக்கியபடியே தாவும். அது நமக்கு வசதி. வாலின் அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தால் கருங்கழுத்து. மஞ்சளே இல்லாமல் வெளுத்திருந்தால் சாதாரணம். தலையையும் கவனியுங்கள். சாதாரணச் சிட்டுக்கு முன்தலையில்தான் செம்பழுப்பு. மற்றதற்கு அது பிடரிவரை பரவியிருக்கும். ஆனால் இளம்பறவைக்குத் தலையில் அந்த நிறம் வந்திருக்காது. அதனால் முதலில் வாலடியைப் பாருங்கள்.