பெயர் ஒன்று, கார்டு இரண்டு

பெஞ்ச்மார்க் முடிவில் ‘ஜீஃபோர்ஸ் ஜிடி 1030’ என்று கண்டால் பெரும்பாலோர் அந்த வரியோடு திருப்திப்பட்டு மதிப்பெண்ணுக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் இந்தப் பெயரில் என்விடியா இரண்டு விதமான கார்டுகளை விற்றது. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு; 2018இல் வந்தது டிடிஆர்4 மெமரியோடு. இரண்டிலும் 384 கோர், 2 ஜிபி மெமரி, 64 பிட் பாதை. வேறு எண் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

வித்தியாசத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 64 பிட் என்றால் ஒரு தடவைக்கு 8 பைட். மெமரி நொடிக்கு எத்தனை தடவை தரவைத் தள்ளுகிறதோ, அதால் பெருக்க வேண்டும். முதல் கார்டு நொடிக்கு 600 கோடித் தடவை தள்ளும்: 48 ஜிபி. இரண்டாவது 210 கோடித் தடவைதான்: 16.8 ஜிபி. விளையாட்டு ஓடும்போது ஒவ்வொரு காட்சிக்கும் மெமரியிலிருந்து தரவை இழுத்தாக வேண்டும். அது வந்து சேராவிட்டால் 384 கோரும் சும்மா காத்துக்கிடக்கும். ஆகவே பெயருக்குக் கீழே உள்ள மெமரி வகை, பாதையின் அகலம் ஆகிய வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

லேப்டாப் என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கோர், 24 ஜிபி மெமரி. 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் இருப்பது வேறு சில்லு: 9,728 கோர், 16 ஜிபி. அதற்கும் 80 முதல் 150 வாட்டுக்குள் எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. எனவே, ஒரே கார்டுள்ள இரண்டு லேப்டாப்கள்கூட ஒரே மதிப்பெண் வாங்காமல் போகலாம்.

பெஞ்ச்மார்க் முடிவில் இன்டெல், என்விடியா என்று இரண்டு பெயர் இருந்தால், சோதனையில் படம் வரைந்தது எது என்று பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் சரியான டிரைவர் இயங்கவில்லை. லினக்ஸில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் முழுப்படத்தையும் பிராசஸரே வரைந்திருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கும் உங்கள் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. கார்டைக் கணினியோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸின் 4.0 கார்டு ‘1.1’ என்று காட்டினால் பயந்துபோய்க் கழற்ற வேண்டாம்: வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை கொடுத்தால் ஏறிவிடும். 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனையில் மொத்த மதிப்பெண்ணில் பிராசஸரின் பங்கும் கலந்திருக்கும். கார்டுகளை ஒப்பிடக் கிராபிக்ஸ் மதிப்பெண் மட்டும் போதும்.

தயாரிப்பாளரின் அடையாள எண்ணும் சில அறிக்கைகளில் இருக்கும். ஏஎம்டிக்கு 1002, அது 2006இல் வாங்கிய ஏடிஐ நிறுவனத்தின் எண். இன்டெலுக்கு 8086, 1978இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற பிராசஸரின் பெயரேதான்! ஆனால் இந்த எண்களும் கார்டு தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான். பழைய சில்லின் பயாஸை மாற்றி எழுதிப் புதிய மாடலின் பெயரில் விற்பவர்கள் உண்டு. ஜிபியு-இசட் மென்பொருள் 2018 முதல் இத்தகைய என்விடியா போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே ‘போலி’ என்று காட்டிவிடுகிறது.