பூவைப் பார், புல்லியைப் பார், பிறகு பறி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் தமிழ்நாட்டின் எந்த ஊருக்கு வெளியே நடந்தாலும் கத்தரிக் குடும்பத்துச் செடிகள் நான்கைந்தாவது கண்ணில் படும். வாய்க்கால் கரையில் மணத்தக்காளி, குப்பைமேட்டில் ஊமத்தை, தரிசில் கண்டங்கத்திரி, வேலியில் ஏறிய தூதுவளை, கொல்லை வரப்பில் சொடக்குத் தக்காளி. வீட்டுக்குத் திரும்பினால் அடுப்படிக் கூடையிலும் அதே குடும்பம்தான்: கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் புகையிலையும் இதன் உறவு. உலகம் முழுவதும் இக்குடும்பத்தில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தினமும் உண்பவையும் ஒரு கைப்பிடியில் உயிரை எடுப்பவையும் ஒரே வரப்பில் அடுத்தடுத்து வளர்வதால், இவற்றைப் பிரித்தறியத் தெரிவது கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் அவசியமான கல்வி என்று நான் நினைக்கிறேன்.

அடையாளத்தைப் பழத்தில் தேடுவதுதான் நம்மில் பலரும் செய்வது. கறுப்பு உருண்டை என்றால் மணத்தக்காளி, பச்சை உருண்டை என்றால் சுண்டைக்காய் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பழத்தின் நிறம் பழுக்கும் பருவத்துக்கேற்ப மாறும், இனத்துக்குள்ளேயே வேறுபடும். பெயரை நம்பலாமா என்றால் அதுவும் சரிவராது. மணத்தக்காளிக்கே மணித்தக்காளி, மிளகுத்தக்காளி, சுக்குட்டி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். ஆகவே பூ, காயைத் தாங்கும் புல்லி, இலை தண்டின் முள்ளும் ரோமமும் என்ற இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூவிலிருந்து தொடங்கலாம். கத்தரி, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி எல்லாம் சொலானம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பூவில் ஐந்து இதழ்கள் அடியில் ஒட்டி நட்சத்திரமாக விரிந்திருக்கும். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் நெருங்கிக் கூம்பாக நிற்கும். பெரும்பாலான இனங்களில் இந்தப் பைகள் பக்கவாட்டில் பிளப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளிவர முடியும். அதை வரவழைக்கும் வித்தை தெரிந்தவை தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ போன்ற காட்டுத் தேனீக்கள். கூம்பைக் கவ்விக்கொண்டு, பறக்கப் பயன்படும் தசைகளை மட்டும் அதிரச் செய்யும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே தெறித்து அவற்றின் வயிற்றில் ஒட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வு கைவராது. காலை வேளையில் கத்தரித் தோட்டத்தில் காதைத் தீட்டி நின்றால், பறக்கும் ரீங்காரத்திலிருந்து மாறுபட்ட, இன்னும் கூர்மையான ஒலி விட்டு விட்டுக் கேட்கும். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

இனி மணத்தக்காளி. நாம் ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இது ஒரே செடி இல்லை. நெருங்கிய உறவுடைய இனங்களின் கூட்டம். பழம் கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருந்து, புல்லி இதழ்கள் காயை விட்டு விலகிப் பின்னோக்கி நன்றாக மடிந்திருந்தால் அது சொலானம் அமெரிக்கானம். பழம் மங்கிய கருநீலமாக, குலையின் காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பாமல் சற்று முன்பின்னாக அமைந்திருந்தால் சொலானம் நைக்ரம். பழுத்தால் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறுவது சொலானம் வில்லோசம். குரோமோசோம் எண்ணிக்கையும் இவற்றில் படிப்படியாக ஏறுகிறது: அமெரிக்கானத்தில் 24, வில்லோசத்தில் 48, நைக்ரத்தில் 72. மூன்றுக்கும் பொதுவானவை சிறிய வெள்ளைப் பூ, முள்ளில்லாத தண்டு, குலையாகத் தொங்கும் மிளகளவுக் காய்கள். கீரை விற்கும் அம்மாக்கள் இந்தப் பொது அடையாளத்தைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுகொள்கிறார்கள். பாடப்புத்தகம் ஒரு பக்கம் செலவழித்துச் சொல்வதை அவர்கள் விரல்கள் சொல்லிவிடும்.

பச்சைக் காயில் சொலனைன் வகை ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப்பொருள்கள் கூடுதலாக இருக்கும். பழுக்கப் பழுக்கக் குறையும். நம் வீடுகளில் பச்சைக் காயை அப்படியே மெல்லுவதில்லை. மோரும் உப்பும் சேர்த்து ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வற்றலாக வறுத்துக் குழம்பில் கொஞ்சமாகப் போடுகிறோம். குழந்தைகள் செடியிலிருந்து நேரே பறித்துத் தின்பதானால் முழுக்கப் பழுத்ததை மட்டும் பறிக்கச் சொல்லித்தர வேண்டும். இதே சொலனைன்தான் வெளிச்சத்தில் கிடந்து பச்சை பிடித்த உருளைக்கிழங்கிலும், அதன் முளையிலும் சேர்கிறது. உருளையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் இவ்வகை ஆல்கலாய்டு இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. பச்சை பிடித்த கிழங்கை விலை பார்க்காமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

லண்டனிலும் டொரண்டோவிலும் வாழும் தமிழர்கள் தோட்ட ஓரத்தில் மணத்தக்காளியைப் பார்த்து மகிழ்ந்துபோவது உண்டு. அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஐரோப்பாவில் வளரும் பெல்லடோனாவும் கறுத்த பளபளப்பான பழம் தருவது, கடும் நஞ்சு. ஆனால் அதன் பழம் குலையாக வராது, ஒற்றையாக வரும். அளவில் செர்ரிப்பழத்தை ஒக்கும். அகன்ற ஐந்து புல்லி இதழ்கள் பழத்தின் அடியில் தட்டாக விரிந்திருக்கும். பூ மணி வடிவில், மங்கிய ஊதா கலந்த பழுப்பில் இருக்கும். மணத்தக்காளியின் வெள்ளை நட்சத்திரப் பூவைத் தெரிந்தவர் இதில் ஏமாற மாட்டார். இரண்டாவது, தூதுவளையோடு குழப்பிவிடக்கூடிய சொலானம் டல்கமாரா என்ற கொடி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேலியோரங்களில் சாதாரணமாகப் படரும். தூதுவளையைப் போலவே ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் கூம்பு, சிவந்த பழம். தண்டைத் தடவினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: தூதுவளையின் தண்டிலும் இலை நரம்பிலும் கொக்கி முள் இருக்கும், டல்கமாராவில் முள்ளே கிடையாது. முள்ளில்லாத தூதுவளையை ரசத்துக்குக் கிள்ளக் கூடாது.

உள்ளூருக்குத் திரும்புவோம். காயைப் பையில் மூடிவைக்கும் செடிகள் இரண்டு நம் வரப்புகளில் உண்டு. சொடக்குத் தக்காளியில் புல்லி வளர்ந்து ஊதிய காகிதப் பையாகிக் காயை உள்ளே தளர்வாக வைத்திருக்கும். அந்தப் பையை நெற்றியில் அடித்துச் சொடக்கு விடாத பிள்ளைகள் ஒரு காலத்தில் இல்லை. பூ வெளிர்மஞ்சள். பழுத்த பழம் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். காய் வேண்டாம். அமுக்கராவுக்கும் பை உண்டு, ஆனால் உள்ளே இருப்பது செக்கச் சிவந்த சிறு பழம். செடி முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் நுண்ரோமம். பச்சை கலந்த மஞ்சள் பூக்கள் இலைக்கக்கத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும். அமுக்கராவில் மருந்தாவது கிழங்கு. அதன் பழத்தைச் சொடக்குத் தக்காளி என்று நினைத்துத் தின்னக் கூடாது.

முள்செடிகளில்தான் குழப்பம் அதிகம். கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படர்ந்து, இலையின் இரு பக்கமும் ஊசியாக நிமிர்ந்த மஞ்சள் முள்ளைக் காட்டும். நீல ஊதாப் பூ. வெள்ளை வரியோடிய பச்சைக் காய் பழுத்தால் மஞ்சளாகும். கறிமுள்ளி நிமிர்ந்து வளரும் புதர். வளைந்த முள், வெளிர் ஊதாப் பூ, பழுத்தால் ஆரஞ்சாகும் சிறு உருண்டைப் பழம். இந்த இரண்டின் வேரும் தசமூலம் என்ற மருந்துக் கூட்டில் சேர்பவை. சுண்டையின் பூ வெள்ளை. காய்கள் பெருங்குலையாக நிற்கும். பழுத்தாலும் ஆரஞ்சாவதில்லை, பச்சை கலந்த மஞ்சளோடு நின்றுவிடும். ஆகக் கறிமுள்ளியையும் சுண்டையையும் பிரிக்கப் பூவின் நிறம் ஒன்றே போதும். சுண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடியின் வேர், வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கி நிற்கும். அதனால் சுண்டையை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி நாற்றாக விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளைக் கிள்ளத் தவறினால் கத்தரித் தோட்டத்தில் சுண்டைதான் காய்க்கும்.

எனக்கு மிக நெருக்கமானது காட்டுக் கத்தரி, சொலானம் இன்சானம். நாம் சமைக்கும் கத்தரியின் மூதாதை இதுதான். சாலையோரத்தில், கோயில் தரிசில், ஆடுமாடு தொடாமல் விட்டுப்போன இடங்களில் நிற்கும். இலை, பூ எல்லாம் தோட்டத்துக் கத்தரியின் அச்சு. முள் மட்டும் கூடுதல், கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய வரிக்காய் பழுத்து மஞ்சளாகும், கசக்கும். கண்டங்கத்திரியின் காயும் இப்படித்தான் இருக்கும் என்றாலும், காட்டுக் கத்தரி பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். அதன் இலையின் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் ரோமங்கள் ஒற்றை ஒற்றையாக இல்லாமல் ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளைத்திருப்பது தெரியும். இந்தக் காட்டுச் செடி தோட்டத்துக் கத்தரியோடு எளிதில் கலந்து, வளமான சந்ததி தரும். 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்குத் தடை அறிவித்தபோது எழுந்த விவாதங்களில், மாற்றப்பட்ட மரபணு உள்ளூர் ரகங்களுக்கும் காட்டு உறவுகளுக்கும் பரவுமா என்ற கேள்வியும் இருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரியைக் கொண்டாடுகிறோம். அதைக் கொண்டாடும் ஊரில் அதன் காட்டுப் பாட்டியைக் களைக்கொல்லி அடித்து அழிக்கிறோம். வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் பண்புகளை நாளை நாம் தேடிப் போக வேண்டிய இடம் அந்தச் சாலையோரம்தான்.

எல்லாக் காட்டுச் செடியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. கோயம்புத்தூர் வட்டாரத்தில் காட்டுக் கத்தரியைப் போலவே ஊதாப் பூவும் வரிக்காயும் கொண்ட சொலானம் எலியாக்னிபோலியம் பரவியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. இலை குறுகி நீண்டு, இரு பக்கமும் வெள்ளி பூசியதுபோல் மின்னும். இதை உழுது அழிக்கப் பார்த்தால் அறுபட்ட ஒவ்வொரு வேர்த்துண்டும் புதுச்செடியாகும். காய் கால்நடைக்கு நஞ்சு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதே போலத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சொலானம் மொரிசியானம் சிறு மரமாக வளர்ந்து சோலை ஓரங்களை அடைக்கிறது. கம்பளி போன்ற பெரிய இலை, இலைக்காம்பின் அடியில் காது போன்ற இரு சிற்றிலைகள், ஊதாப் பூ என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். மலைத் தோட்டங்களில் முட்டை வடிவச் சிவந்த பழம் தரும் மரத்தக்காளி இதிலிருந்து வேறு; அது தாராளமாக உண்ணத்தக்கது.

ஊமத்தையை எல்லோரும் அறிவோம் என்று நினைக்கிறோம். ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்தில் சிவபெருமான் சூடும் மலராக இது மத்தம் என்ற பெயரில் வருகிறது. நம் கோயில்களோடு அவ்வளவு பழைய உறவு. ஆனால் ஊமத்தை ஒன்றல்ல. காய் தலைகவிழ்ந்து, மேலே மொட்டையான புடைப்புகளோடு இருந்தால் அது நம் பழைய ஊமத்தை. காய் கவிழ்ந்து, மெல்லிய நீண்ட முட்களோடும், செடி முழுக்க மென்ரோமத்தோடும் இருந்தால் வேறோர் இனம். காய் நிமிர்ந்து நின்று நான்கு பாகமாகச் சீராக வெடித்தால் இன்னொன்று. மலையில் மரமாக வளர்ந்து நீண்ட பூவைத் தலைகீழாகத் தொங்கவிடும் புருக்மான்சியாவும் இதன் நெருங்கிய உறவு. ஊட்டி வீடுகளில் அழகுக்காக வளர்க்கிறார்கள். எல்லாவற்றிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின் வகை நஞ்சு வேர் முதல் விதை வரை உண்டு. வேகவைத்தால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடையில் வாங்கிய கீரையை உண்டவர்கள் பலர் பார்வை மங்கி, மனம் குழம்பி மருத்துவமனைக்குப் போனார்கள். கீரை வயலில் ஊமத்தைக் களை கலந்திருந்ததுதான் காரணம். பூக்காத இளஞ்செடி கீரைப்பாத்தியில் ஒளிந்துகொள்ளும் என்பதால், கீரையை ஆயும்போது ஒன்றிரண்டு மட்டும் வேறு இலையாகத் தெரிந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

விதையிலும் குடும்ப ஒற்றுமை ஏமாற்றும். ஊமத்தை விதை மிளகாய் விதையைப் போலத் தெரியும் என்பதால் இந்தியத் தடயவியல் மருத்துவப் பாடநூல்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தருகின்றன. மிளகாய் விதை மெலிந்து, வழவழப்பாக, வெளிர்மஞ்சளாக, காரமாக இருக்கும். ஊமத்தை விதை தடித்து, காது வடிவில், பழுப்பாக, மேற்பரப்பில் சிறு குழிகளோடு, கசப்பாக இருக்கும். பயணிகளுக்கு உணவில் ஊமத்தை கலந்துகொடுத்துக் கொள்ளையடித்த காலத்தில் இந்த அறிவு வழக்குகளைத் தீர்க்க உதவியது.

குழந்தையோ பெரியவரோ இவற்றில் எதையாவது தின்றுவிட்டு வாய் உலர்ந்து, உடம்பு கொதித்து, கண்பாவை விரிந்து, இல்லாததைப் பிடிக்கக் காற்றில் கைநீட்டினால் ஊமத்தை வகையாக இருக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் முன்னால் வந்தால் சொலனைன் வகையாக இருக்கலாம். இரண்டுக்கும் வீட்டில் மோர் கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை. 108ஐ அழையுங்கள். கிளம்பும்போது அந்தச் செடியில் ஒரு கிளையைப் பூவும் காயும் இருக்கும்படி ஒடித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விதை சிதறிக் கிடந்தால் அதையும் ஒரு தாளில் மடித்து மருத்துவரிடம் கொடுங்கள். எந்த நஞ்சு என்று ஊகிப்பதில் அவருடைய நேரம் போகாது.