வெயில் குறைந்த நாட்களும் சூரிய மின்சார பேட்டரியும்

மின்வாரியக் கம்பி எட்டாத மலைக் குடியிருப்புக்கோ தோட்ட வீட்டுக்கோ சூரிய மின்சாரம் அமைப்போர் பெரும்பாலும் பேட்டரியின் விலையையும், அதன் மேல் அச்சிட்டுள்ள ஆம்பியர்-மணி அளவையும் மட்டுமே ஒப்பிடுகின்றனர். அந்த எண் பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கிறதே தவிர, அதற்குக் கேடு வராமல் எடுக்கத்தக்க மின்சாரத்தைக் குறிப்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டர்களில் பரவலாகக் காணப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி 1.8 யூனிட் கொள்ளும். அன்றாடம் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைந்து குறையும் என்பதால் நடைமுறையில் கிடைப்பது 0.9 யூனிட்டே. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1.28 யூனிட்டே கொள்வதாயினும், அதில் 80 விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கலாம் என்பதால் ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் தருகிறது.

இதைவிட முக்கியமான வேறுபாடு வெயில் குறைந்த நாட்களில் தெரிகிறது. 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியில், மின்சாரம் வெளியேறும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆனால்தான் அப்படிவு நீங்கும். அந்தக் கடைசி ஐந்தில் ஒரு பங்கு சார்ஜோ பல மணி நேரம் எடுத்து மெல்லவே ஏறும். மின்வாரிய இணைப்புள்ள வீட்டில் அது இரவிலும் ஏறி நிறைந்துவிடும். கம்பியில்லாத வீட்டில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்காக அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரியில் சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகி, கொள்ளளவை நிரந்தரமாகக் குறைத்துவிடுகிறது. ஊரில் பல ஆண்டுகள் உழைக்கும் பேட்டரி காட்டோரத்தில் சீக்கிரமே ஓய்ந்துபோவதற்கு இதுவே முதன்மையான காரணம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அரைகுறை சார்ஜ் தீங்கு செய்வதில்லை. ஏற்றிய மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தருவதால், கிடைக்கும் சிறிதளவு வெயிலும் வீணாவதில்லை.

ஆகவே, நாள்தோறும் சூரிய மின்சாரத்தையே நம்பி வாழும் குடும்பத்துக்கு, வாங்கும்போது விலை கூடுதலாயினும், லித்தியமே தக்கது. எப்போதாவது தங்கும் தோட்ட வீட்டில், வெயிலால் எந்நேரமும் நிறைந்தே இருக்கும் ஈய-அமில பேட்டரி போதும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும், சார்ஜ் ஆகும்போது எழும் ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் அமைக்கவும் ஆள் வேண்டும். லடாக் போன்ற உறைகுளிர்ப் பகுதிகளில் லித்தியத்தை வெப்பமான அறைக்குள் வைப்பது கட்டாயம். 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். பழைய பேட்டரியை அகற்றி லித்தியம் பொருத்துவோர் சார்ஜ் கன்ட்ரோலரின் அமைப்பையும் மாற்ற வேண்டும். ஈய-அமிலத்துக்கென அவ்வப்போது மிகை வோல்ட்டேஜ் செலுத்தும் முறை அதில் நிறுத்தப்பட்டிருப்பது அவசியம்.