கிந்தாப் பள்ளத்தாக்கும் ஈப்போ மாநகரும்

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிலேடாங் மலைத்தொடர். இவ்விரண்டிற்கும் இடையே கிந்தா ஆறு தென்திசை நோக்கி ஓடிப் பேராக் ஆற்றோடு கலக்கின்றது. அவ்வாறு பாயும் நிலமே கிந்தாப் பள்ளத்தாக்கு. சமவெளியின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளை மழைநீர் பன்னெடுங்காலம் அரித்துக் குகைகளாக்கிற்று. இந்துக்களும் பௌத்தர்களும் அக்குகைகளில் தெய்வங்களை எழுந்தருளச் செய்தனர். குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் தலமும் இவ்வாறு அமைந்ததே. 2018இல் இப்பள்ளத்தாக்கு தேசியப் புவிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மலைகளின் கருங்கற்பாறை சிதைந்து, அதிலிருந்த வெள்ளீயத் தாது வெள்ளத்தோடு இறங்கிப் பள்ளத்தாக்கில் படிந்தது. உலகின் மிகச் செழித்த ஈய வயல்களுள் ஒன்றாகக் கிந்தா பெயர் பெற்றமைக்கு இதுவே காரணம்.

கிந்தா ஆற்றில் படகுகள் ஏறிவரக்கூடிய எல்லையில் கரையோரச் சந்தையாய்த் தோன்றியது ஈப்போ. அப்பெயரோ ஒரு நச்சு மரத்தின் பெயர். பூர்வகுடியினர் அதன் பாலைத் தம் ஊதுகுழல் அம்புகளுக்குத் தடவினர். 1892இல் மூண்ட பெருந்தீ ஊரின் பாதிக்கு மேல் பொசுக்கியது. பின்னர் நேர்த்தெருக்களோடு எழுந்த நகரத்தை இரயில் பாதை துறைமுகத்தோடு இணைத்தது. 1937இல் தைப்பிங்கிடமிருந்து பேராக்கின் தலைநகர்ச் சிறப்பைப் பெற்ற ஈப்போ, 1988இல் மாநகராயிற்று.

ஈயத்திற்குச் சீனர் திரண்டனர் எனில், இரப்பருக்குத் தமிழர் வந்தனர். விடியுமுன் பெரட்டு, பின் பால்வெட்டு, வெயில் ஏறியதும் பாலெடுப்பு. மழை பெய்தால் வெட்டில்லை. லயத்து வாழ்வில் அவர்களுக்கென இருந்தது மாரியம்மன் கோயில் ஒன்றே எனலாம்.

பத்துகாஜா அருகேயுள்ள கெல்லி கோட்டையைக் காணச் செல்வோர் பலர். சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் ஆலயத்தை எட்டிப் பார்ப்போர் சிலரே. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் அம்மாளிகையைத் தொடங்கினார். தமிழகத் தொழிலாளர்கள் அதனைக் கட்டினர். உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா கொள்ளைநோய் அவர்களிற் பலரைப் பலி கொண்டது. எஞ்சியோர் அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டினர், முதலாளி இசைந்தார். அக்கோயிலின் மேல்தளத்தில் தெய்வத் திருவுருவங்களின் வரிசையில் வெள்ளுடை அணிந்த துரை ஒருவரின் சிலையும் நிற்கின்றது. அது ஸ்மித்தின் உருவே என்பர். நன்றியோ, மேஸ்திரியின் குறும்போ, காண்போர் தீர்மானிக்கட்டும்! 1926இல் லிஸ்பனில் ஸ்மித் மறைந்தார். மாளிகை முற்றுப்பெறவேயில்லை, கோயிலில் விளக்கெரிகின்றது. நோயில் மடிந்தோர் பெயர்களைத் தாங்கிய கல்லெதையும் மாளிகை காட்டவில்லை என்பதே நெஞ்சை உறுத்துவது.

1985இல் ஈயச் சந்தை சரிந்தது. தூர்வாரிக் கப்பல்கள் ஓய்ந்தன, லம்பங்கள் குளங்களாயின. இரப்பர்த் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்களை விட்டு மக்கள் பட்டணம் புகுந்தனர். குடிகள் போன பின்பும் கோயில் மட்டும் தனித்து நிற்கும் காட்சியைப் பழைய தோட்டங்களில் காணலாம். திருவிழா நாளில் மட்டும் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருவோர் உண்டு.

ஈப்போ புந்தோங் வட்டாரம் இந்தியர் நெருங்கி வாழும் இடம். எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த கச்சாங் பூத்தே தொழில் இங்கே புகழ்பெற்றது. முறுக்கும் கடலையும் வறுபடும் மணமே தெருவிற்கு வழிகாட்டும். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து காவடிகள் கல்லுமலை நோக்கிப் புறப்படுகின்றன. பத்துகாஜா, தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பழைய தோட்டத்துக் குடும்பங்களும் அக்கூட்டத்தில் கலந்து, இன்ன தோட்டத்தார் என்றே ஒருவரையொருவர் அடையாளம் கூறி நலம் விசாரித்துக் கொள்கின்றனர்.