அம்மாவின் காலில் ஓர் உறைவு

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. "நடக்காம படுத்தே கெடந்தா இப்படித்தான் பிடிச்சுக்கும். கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவி விடுப்பா" என்றார். நல்லெண்ணெயைச் சுட வைத்து இரண்டு இரவு நானே நீவி விட்டேன். மூன்றாம் நாள் வீக்கம் தொடைவரை ஏறிய பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம்.

ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், "காலை நீவி விட்டீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இனிமே செய்யாதீங்க" என்றார். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அந்த உறைவிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால், இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்தாகலாம். அன்று முழுக்க என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஊசியும் வார்ஃபரின் மாத்திரையும் தொடங்கினார்கள். "இந்த மருந்து எத்தனை நாளில் கட்டியைக் கரைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். "இது கரைக்கிற மருந்து இல்லை. கரைக்கப் போறது அம்மாவோட உடம்புதான்" என்றார். அந்தப் பதில் புரிய எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

அடைக்கும் வேலை

வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறோம். முதலில், அறுபட்ட இரத்தக்குழாய் தானாகவே சுருங்குகிறது. அடுத்து தட்டணுக்கள் ஓடி வருகின்றன. டிங்கிக் காய்ச்சல் வந்த வீட்டில் தினமும் பதற்றத்தோடு கேட்போமே, "இன்னைக்கு எவ்வளவு?" என்று, அதே தட்டணுக்கள்தாம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 150,000 முதல் 400,000 வரை இருக்கும். அவை காயத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கின்றன.

ஆனால் அது தற்காலிக அடைப்புதான். அதைக் கெட்டிப்படுத்த உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் வருகின்றன. பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகி, செயலற்ற நிலையில் இரத்தத்தோடு சுற்றிக்கொண்டிருப்பவை. காயம் பட்டதும் ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. கடைசியில் உருவாகும் திராம்பின், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் என்னும் இழைகளாக மாற்றுகிறது. இந்த இழைகள் தட்டணுக்களைச் சுற்றி வலை பின்னுகின்றன. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குகிறது.

கரைக்கும் வேலை

காயம் ஆறிய பின் அந்த வலை அங்கே இருக்கக்கூடாது. அதற்கும் உடம்பு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறது. வலை பின்னப்படும்போதே பிளாஸ்மினோஜன் என்ற புரதமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் மெல்ல மெல்ல ஒரு தூண்டியைச் சுரக்கின்றன. அது பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. உறைவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் கேட்கும் டி-டைமர் பரிசோதனை, இந்தத் துண்டுகளைத்தான் அளக்கிறது.

அடைப்பதும் கரைப்பதும் சரிசமமாக இருக்கும்வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. இரத்தக்குழாய்ச் சுவரில் காயம், இரத்த ஓட்டத்தில் தேக்கம், இரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகிய மூன்றும் சமநிலையைக் குலைப்பவை. அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையிலேயே இருந்த அம்மாவுக்கு மூன்றுமே சேர்ந்துகொண்டன. நீண்ட விமானப் பயணத்தில் எழுந்து நடக்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

வார்ஃபரின் செய்வது இதுதான்: வைட்டமின் கே இல்லாமல் கல்லீரலால் சில உறைதல் காரணிகளை முறையாகத் தயாரிக்க முடியாது. இம்மருந்து அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. புதிய உறைவு வளராமல் நிற்க, பழையதைப் பிளாஸ்மின் பொறுமையாக வெட்டிக் கரைக்கிறது. நேரடியாகக் கரைக்கும் மருந்துகளும் உள்ளன. பக்கவாதம் வந்தவர்களில் தகுதியானவர்களுக்கு, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுப்பார்கள். அதனால்தான் முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் "படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று காத்திருக்கக்கூடாது.

கபாக் பாம்பு சொன்ன பாடம்

பால்மரம் சீவிய என் தாத்தா, 'உலார் கபாக்' கடித்தவர்களைப் பற்றி நிறையச் சொல்வார். வட மலேசியத் தோட்டங்களில் அதிகம் காணப்பட்ட குழிவிரியன் அது. பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், அந்தப் பாம்பு கடித்தவர்களின் இரத்தம் உறையாமலேயே இருப்பதைக் கவனித்து 1960களில் எழுதினார். நஞ்சு ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகிறது. வலை பின்ன நூலே இல்லை. அந்த நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த அன்க்ரோட், பின்னர் உறைவுக்கு எதிரான மருந்தாகவும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது.

நிறுத்தப்பட்ட மாத்திரை

ஆறாவது வாரம். வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன்; நான்கு கூடுதலாக இருந்தன. "பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சுப்பா. கால்தான் சரியாயிடுச்சே" என்றார் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எண்ணெய் தேய்த்தவன் நான். எனக்கும் அப்போது எதுவும் தெரியாதுதானே.

மறுநாளே இருவரும் மருந்தாளரைப் பார்த்தோம். ஐ.என்.ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கவேண்டும். கூடினால் இரத்தக்கசிவு; குறைந்தால் மீண்டும் உறைவு. அம்மாவுக்கு அது குறைந்திருந்தது. ஈறில் இரத்தம் வந்தால் உடனே சொல்லவேண்டும், தானாக மருந்தை நிறுத்தக்கூடாது என்றார் மருந்தாளர். அம்மாவுக்கு இருந்த பெரிய கவலை கீரை. "கீரையை விட வேண்டாம்மா. ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னு சாப்பிடாதீங்க. எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்க" என்று அவர் சொன்னதும்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதுவானாலும் கேட்காமல் தொடங்கக்கூடாது என்றும் சொன்னார்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் நீவாதீர்கள்; அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 999ஐ அழையுங்கள்.

இப்போது அம்மா காலையும் மாலையும் வீட்டு வாசலில் நடக்கிறார். சமையலறையில் நல்லெண்ணெய் பாட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. தோசைக்கு மட்டும்.