இழுவையின் சூடு எங்கே போகிறது?

வெள்ளாற்றின் கரையில், சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சேத்தியாத்தோப்பு, இழுவை வேலையின் இரண்டு வேறுபட்ட முறைகளையும் அருகருகே காணக்கூடிய ஊராகும். அரவைப் பருவத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்கள் ஒருபுறம் இருக்க, வடக்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மண்ணைத் தள்ளியும் கனத்த தளவாடங்களை இழுத்தும் வேலை செய்யும் புல்டோசர்கள் மறுபுறம் உள்ளன. இவ்விரு வகை வண்டிகளையும் பிரிப்பது எஞ்சினின் அளவு என்று எண்ணுவோர் பலர். ஆயினும் முதன்மையான வேறுபாடு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள இணைப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டீசல் வண்டிகளைக் கொண்டு நடத்தப்படும் சறுக்குவண்டி இழுவைப் போட்டியில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் இதே இணைப்புதான்.

டிராக்டரில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது கிளட்ச் எனப்படும் உராய்வுத் தட்டு. சுமையோடு நிற்கும் வண்டி நகரத் தொடங்கும்போது எஞ்சின் சுழன்றுகொண்டிருக்க, சக்கரமோ அசையாமல் நிற்பதால், இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை அந்தத் தட்டு வழுக்கியே ஆக வேண்டும்; வழுக்கும் ஒவ்வொரு நொடியும் அது சூடாகிறது. சேற்றில் புதைந்த கரும்பு டிரெய்லரை வயலிலிருந்து மேடேற்றும் ஓட்டுநர் பெடலைப் பாதி மிதித்தபடி, பேச்சுவழக்கில் சொல்லப்படும் ஹாஃப் கிளட்சில், நீண்ட நேரம் முக்கிக்கொண்டிருந்தால், தட்டின் மேற்பூச்சு கருகி அந்த வாடை வயல் முழுதும் பரவும். வழுக்கலைத் தாங்குவதற்கு அங்கே உலர்ந்த உராய்வுப் பரப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த வழுக்கலை எண்ணெயிடம் ஒப்படைத்தால் என்ன என்னும் கேள்விக்கு விடை கண்டவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். கப்பல்களின் வேகமான டர்பைனை மெதுவான விசிறியோடு இணைப்பதற்காக, 1905இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியே இன்று டார்க் கன்வெர்ட்டர், அதாவது முறுக்குவிசை மாற்றி, என வழங்கப்படுகிறது. மூடிய உருண்டைக் கூட்டுக்குள், எஞ்சினோடு சுழலும் துடுப்புச் சக்கரம் எண்ணெயை வீச, எதிரேயுள்ள இரண்டாவது துடுப்புச் சக்கரம் அந்த வீச்சைப் பெற்றுச் சுழன்று கியர்களை இயக்குகிறது. இவற்றுக்கு நடுவில் ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது துடுப்புச் சக்கரம், திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி மீண்டும் உதவியாகச் செலுத்துவதால், வண்டி அசையாமல் நிற்கும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகிச் செல்கிறது. உலோகமும் உலோகமும் தொடாமலே விசை பெருகும் இந்த ஏற்பாடு, எளிமையில் அழகானது.

நெய்வேலியில் இதன் அருமை நன்கு தெரிந்ததே. 1957இல் வெட்டத் தொடங்கி 1961இல் நிலக்கரி தென்பட்ட அந்தச் சுரங்கத்தில், வாளிச் சக்கர எந்திரங்கள் வெட்டும் மண்ணையும் நிலக்கரியையும் கன்வேயர் பட்டைகள் சுமந்து செல்கின்றன. வெட்டுமுகம் முன்னேற முன்னேறப் பட்டையின் பாதையும் பக்கவாட்டில் நகர வேண்டும். இரும்புப் படுக்கைகளின்மீது அமைந்து, தண்டவாளத்தால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அந்த நெடுந்தொடரை, தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் உருளைத்தலை பொருத்திய புல்டோசர் வகை வண்டிகள் ஓரமாக ஊர்ந்தபடி சிறிது சிறிதாக வளைத்து இழுக்கின்றன. பாரத்தை மண்ணின்மேல் தேய்த்து இழுப்பதே சறுக்குவண்டி இழுவை என்றால், அது நெய்வேலியில் அன்றாடப் பணியாகும். இவ்வகைக் கனரக வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டரும், அதன் பின்னே எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் பல தட்டுக் கிளட்சுகளும் சேர்ந்து இயங்குவதால், பாரம் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் எஞ்சின் அணைந்துவிடுவதில்லை.

அமெரிக்கப் போட்டியின் தொடக்கம் உழவர்களின் பலப்பரீட்சையாகும். டிராக்டர்களைக் கொண்டு நடந்தவற்றுள் அறியப்பட்ட தொடக்ககாலப் போட்டிகள் 1929இல் மிசௌரி, ஒஹையோ மாநிலங்களில் நடைபெற்றன. ஒரு காலத்தில் ஓடுபாதை நெடுக ஆட்கள் நின்றுகொண்டு, சறுக்குவண்டி கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிப் பாரத்தைக் கூட்டினார்கள்; இந்த ஆபத்தான வழக்கம் கைவிடப்பட்டது நல்லதே. இன்றைய சறுக்குவண்டியில் எடைப்பெட்டி முதலில் பின்சக்கரங்களின்மேல் இருக்கும். வண்டி முன்னேறும்போது அந்தச் சக்கரங்களே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னோக்கி நகர்த்த, மண்ணில் தேயும் முன்தட்டின்மீது எடை ஏறிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 300 அடி, அதாவது 91 மீட்டர், கடந்தால் அது முழு இழுவை எனக் கொள்ளப்படும்.

இப்போட்டிகளில் பெயர்பெற்ற டாட்ஜ் பிக்கப் வண்டியில் 1989 முதல் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், தமிழகச் சாலைகளுக்கும் அந்நியமானதன்று. அதே குடும்பத்து எஞ்சின் டாடா லாரிகளிலும் ஓடியிருக்கிறது. ஆனால் அமெரிக்க வண்டியின் தானியங்கி கியர்ப்பெட்டி, பெட்ரோல் கார்களுக்கென வடிவமைக்கப்பட்ட பழைய குடும்பத்திலிருந்து வளர்ந்தது. முதலில் 160 குதிரைத்திறன் தந்த எஞ்சினைப் பந்தயக்காரர்கள் பல மடங்கு வலுவாக்கியபோது, அந்தக் கியர்ப்பெட்டி முறிந்தும் கருகியும் போனதில் வியப்பில்லை. அதனை மேம்படுத்தும் வேலை பெரும்பாலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வேலையே. வால்வு பாடி என்னும் எண்ணெய்ப் பங்கீட்டுப் பகுதியை மாற்றி அழுத்தத்தை உயர்த்தினால் உள் கிளட்சுகள் இறுக்கமாகப் பற்றும். தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பற்றும் பரப்பு பெருகும். முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த உள்தண்டு முறுக்கத்தைத் தாங்கும்.

கன்வெர்ட்டரில்தான் மெக்கானிக்கின் கைத்திறன் வெளிப்படும். வெளித்தண்டு அசையாமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்சச் சுழற்சியை ஸ்டால் வேகம் என்பர். பெரிய டர்போ பொருத்திய டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியில் காற்றழுத்தம் கிடைக்காமல் சோம்பி நிற்குமாதலால், ஸ்டால் வேகம் குறைவாக இருந்தால் தொடக்கக் கோட்டிலேயே அது மூச்சுத் திணறும். அதிகமாக இருந்தாலோ எஞ்சின் சீறிக்கொண்டிருக்க, விசை எண்ணெயைக் கடைவதிலேயே வீணாகும். அதனால்தான் வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் இரு துடுப்புச் சக்கரங்களையும் இறுகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் தேவைப்படுகிறது. ஆலையில் பொருத்திய ஒற்றைத் தட்டுக்குப் பதிலாக மூன்று தட்டு லாக்-அப்பைப் போட்டி வண்டிகளில் காண்பது இக்காரணத்தாலேயே.

சூட்டின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 300 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 224 கிலோவாட். வண்டி நகராமல் நிற்கையில் அது முழுதும் 10 லிட்டர் எண்ணெயில் சூடாக இறங்கி, எங்கும் வெளியேறாமல் தங்கினால், எண்ணெயின் வெப்பநிலை நொடிக்கு 13 டிகிரி செல்சியஸ் வீதம் ஏறும். பத்து நொடிகளே போதும், எண்ணெய் கெட்டுப்போக. குளிர்விப்பான் எவ்வளவு பெரிதாயினும் இத்தகைய ஏற்றத்தை ஈடுகட்டாது என்பதால், லாக்-அப் இல்லாத வண்டிக்கு எண்ணெய்க் குளிர்விப்பானை மட்டும் பெரிதாக்குவது பாதி வைத்தியமே.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, கரும்பு டிராக்டருக்கும் தானியங்கி கியர் வேண்டுமா என்று கேட்டால், அந்தச் செலவும் பராமரிப்பும் சேத்தியாத்தோப்பு உழவருக்குத் தேவையில்லை என்பதே பொருத்தமான விடை. பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பி, தாழ்ந்த கியரில் மெல்ல நகர்ந்து, பெடலை அரைகுறையாக மிதிக்காமல் விட்டால் பழைய கிளட்சே பல பருவங்கள் உழைக்கும். போட்டி மைதானத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவரத் தக்க பாடம் வேறொன்று உண்டு. இழுக்கும் கொக்கி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு வண்டியின் முன்புறம் எழும்ப முயலும் என்பதால், அங்கே கொக்கியின் உயரத்துக்கு உச்ச வரம்பு விதித்து ஒவ்வொரு வண்டியிலும் அளந்து பார்க்கிறார்கள். பஞ்சாபிலோ, திருவிழா ஒன்றில் டிராக்டர் சாகசம் செய்த இளைஞர் உயிரிழந்த பின், 2023 அக்டோபரில் மாநில அரசு அத்தகைய சாகசங்களையே தடை செய்தது. போட்டி எதுவும் இல்லாத வயலிலும் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழும் அபாயம் அதே அளவு உண்டு. ஆகவே புதைந்த டிரெய்லரை மீட்க வடத்தைக் கட்டும்போது, அதனை டிராக்டரின் டாப் லிங்க் எனப்படும் மேல் இணைப்பில் ஒருபோதும் கட்டாமல், பின்அச்சுக்குக் கீழேயுள்ள கொக்கியில் மட்டுமே கட்டுங்கள்.